கருவியைத் திருத்திய ஆசிரியர்: டொனால்ட் கனூத்தின் ‘டெக்’ பற்றிய ஒரு மதிப்பீடு

இலக்கியத் திறனாய்வில் உருவம், உள்ளடக்கம் என்னும் இரு சொற்களும் நீண்டகாலமாக வழங்கி வருவன. ஈழத்துத் தமிழ்த் திறனாய்விலும் இவை குறித்து நிகழ்ந்த விவாதங்கள் பல. எனினும், அவ்விவாதங்களில் உருவம் எனப்பட்டது மொழிநடை, யாப்பு, கதையமைப்பு ஆகியவற்றையே பெரிதும் குறித்தது. எழுதப்பட்டது தாளின்மீது எவ்வாறு அமைகின்றது, எழுத்தின் பருமன் யாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விடப்படும் வெளி எவ்வளவு என்பன ஆசிரியனின் கவலைக்கு அப்பாற்பட்டனவாகவே கொள்ளப்பட்டன. அவை அச்சகத்தாரின் தொழில். கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்தபின் ஆசிரியன் ஒதுங்கிக்கொள்வான். திருத்தப்படி வரும்போது பிழைகளைக் குறித்தனுப்புவதோடு அவனது உரிமை முடிந்துவிடும்.

கணனியின் வருகை இந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டது. இன்று கணனியில் எழுதும் எவரும் தம் எழுத்தின் தோற்றத்தைத் தாமே தீர்மானிக்கலாம். எழுத்துருவை மாற்றலாம், பக்கத்தின் ஓரங்களைக் கூட்டலாம், குறைக்கலாம், சற்றுத் துணிந்தவராயின் மென்பொருளின் உட்புறத்தைத் திறந்து அதன் கட்டளைகளையே திருத்தலாம். இவ்வுரிமையோடு ஓர் இடரும் சேர்ந்தே வந்துள்ளது. கட்டுரை எழுத அமர்ந்தவர் ஒரு வரியும் எழுதாது, தலைப்பின் எழுத்துருவைத் தேர்வதிலேயே ஓர் இரவைக் கழித்துவிடுதல் அரிய நிகழ்ச்சியன்று. இத்தகைய திருத்தவேலை ஆக்கத்தின் ஒரு கூறா, அன்றி ஆக்கத்திலிருந்து தப்பிச் செல்வதற்கான வழியா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர் டொனால்ட் கனூத் என்னும் கணனி அறிஞரின் முயற்சியை நோக்குதல் பயனுடையது. தம் நூலின் பக்கம் அழகற்றிருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, எழுதிக்கொண்டிருந்த பெருநூலை இடைநிறுத்திவிட்டு, அச்சுக்கோப்பு முறையையே புதிதாக ஆக்கியவர் அவர்.

கனூத் 1938ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரிற் பிறந்தவர். ஸ்டான்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர். ‘கணனிச் செய்நிரலாக்கக் கலை’ எனப் பொருள்படும் தலைப்பினைக் கொண்ட அவரது பெருநூலின் முதல் தொகுதி 1968இலும், இரண்டாவது 1969இலும், மூன்றாவது 1973இலும் வெளிவந்தன. அதன் சிறப்புக் கருதி, கணனித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய டியூரிங் விருது 1974இல் அவருக்கு வழங்கப்பட்டது. இத்தொகுதிகள் மொனோடைப் பொறியில் வார்க்கப்பட்ட ஈய எழுத்துகளைக் கொண்டு, கணிதக் குறியீடுகளை நன்கறிந்த தொழிலாளரின் கைவண்ணத்தில் அச்சாகின. எழுபதுகளின் நடுப்பகுதியில் அத்தொழில் அருகியது. ஒளியச்சுக்கோப்பு அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டாம் தொகுதியின் திருத்திய பதிப்புக்கான திருத்தப்படிகள் 1977இல் கனூத்தின் கைக்கு வந்தபோது அவற்றின் தோற்றம் அவருக்குப் பெரும் ஏமாற்றத்தை அளித்தது. அவ்வாண்டிலேயே, எழுத்தை மிக நுண்ணிய புள்ளிகளாக அச்சிடும் புதிய பொறியொன்றின் வெளியீட்டையும் அவர் காண நேர்ந்தது. பக்கம் என்பது இனி ஈயமுமன்று, ஒளியுமன்று. மை உள்ள புள்ளி, மை இல்லாத புள்ளி என்னும் ஒன்றும் பூச்சியமுமே என்பதை அவர் உணர்ந்தார். ஒன்றும் பூச்சியமும் கணனியாளனின் ஆட்சிக்குட்பட்ட பொருள்கள். எனவே, நூலின் தோற்றத்துக்கு இனிப் பிறரைக் குறைகூற இயலாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

சிறிது காலத்தில் முடித்துவிடலாம் என எண்ணித் தொடங்கப்பட்ட அப்பணி ஏறத்தாழப் பத்து ஆண்டுகளை விழுங்கியது. ‘டெக்’ எனப்படும் அச்சுக்கோப்புச் செய்நிரலும், எழுத்துருக்களை வரைவதற்கான ‘மெட்டாபொண்ட்’ எனப்படும் மொழியும், ‘கொம்பியூட்டர் மொடேர்ன்’ என்னும் எழுத்துருக் குடும்பமும் அதன் பேறுகள். இவை பற்றிய ஐந்து தொகுதிகள் 1986இல் ஒருசேர வெளிவந்தன. ‘டெக்’ என்னும் பெயர் கலை, கைத்தொழில் ஆகிய இரண்டையும் ஒருங்கே குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டதாகும். அப்பெயர்த் தெரிவிலேயே கனூத்தின் நோக்கு புலப்படுகின்றது. அழகுணர்ச்சியும் தொழில்நுட்பமும் இருவேறு மனிதரின் பணிகளல்ல என்பதே அந்நோக்கு.

‘டெக்’கின் சிறப்பு அது பக்கத்தை நோக்கும் முறையிலே தங்கியுள்ளது. ஒவ்வோர் எழுத்தும் அதற்கு ஒரு பெட்டி. பெட்டிகளுக்கு இடையே உள்ள வெளியை அது பசை என அழைக்கும். இப்பசை விரியவும் சுருங்கவும் வல்லது. எவ்வளவு விரியலாம், எவ்வளவு சுருங்கலாம் என்பதற்கு அளவுண்டு. சாதாரண முறையில் வரிகளை அமைக்கும் பொறி, ஒரு வரி நிரம்பியதும் அதை முடித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்லும். முன்வரியிற் செய்த தவறுக்குப் பின்வரி விலை கொடுக்கும். கனூத்தும் மைக்கல் பிளாஸும் வகுத்து 1981இல் வெளியிட்ட முறையோ ஒரு பந்தி முழுவதையும் ஒருசேர நோக்குகின்றது. சொற்களுக்கிடையே வெளி மிகுந்தால் அதற்கொரு குற்றமதிப்பு, ஒரு சொல் வரியிறுதியில் உடைந்தால் அதற்கொரு குற்றமதிப்பு எனக் கணக்கிட்டு, பந்தி முழுவதற்குமான குற்றத்தின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையுமாறு வரிகள் பிரிக்கப்படுகின்றன. பந்தியின் ஈற்றிலுள்ள ஒரு சொல்லை மாற்றினால் அதன் தொடக்க வரிகளும் இடம்மாறக்கூடும். வெண்பாவில் நின்ற சீரின் பொருத்தம் வருஞ்சீரைக் கொண்டே துணியப்படுதல் தமிழ் மாணவர் அறிந்தது. தளை இரு சீர்களுக்கிடையே வேண்டும் இயைபினை, கனூத்தின் முறை ஒரு பந்தியின் வரிகள் அனைத்துக்கும் இடையே வேண்டுகின்றது.

இவ்விடத்து ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அழகினை நேரடியாக வரையறுக்க கனூத் முற்படவில்லை. அழகின்மையையே அவர் அளந்தார். நல்ல அச்சுக்கோப்பாளனின் கண் எதை வெறுக்கின்றதோ அதற்கு எண் கொடுத்தார். வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு தொழிலறிவு இதனால் எழுத்துருவம் பெற்றது. அத்தொழிலாளர் மறைந்துகொண்டிருந்த வேளையில் அவர்களது அறிவின் ஒரு பகுதியேனும் காக்கப்பட்டமை ‘டெக்’கின் முதற் சாதனை எனலாம்.

‘மெட்டாபொண்ட்’ குறித்து இத்துணை உறுதியாகக் கூறவியலாது. ஓர் எழுத்தின் வடிவத்தை வரைவதற்கு மாறாக, அவ்வடிவம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை விதிகளாக எழுதுதலே அதன் அடிப்படை. பேனாவின் அகலம், தண்டின் உயரம், கோட்டின் தடிப்பு முதலிய அளவுகளை மாற்றினால் அதே விதிகளிலிருந்து வேறொரு எழுத்துரு பிறக்கும். ‘கொம்பியூட்டர் மொடேர்ன்’ இத்தகைய 62 அளவுகளாற் கட்டுப்படுத்தப்படுகின்றது. 1982இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தை எழுத்துக்கு எழுத்து அளவுகளைச் சிறிது சிறிதாக மாற்றி அச்சிட்டுக் காட்டினார் கனூத். பழைய பாணி எழுத்தில் தொடங்கும் சங்கீதம், இடையில் எவ்விடத்தும் முறிவு தெரியாது, அடிக்கொடுக்கு இல்லாத நவீன எழுத்தில் முடிகின்றது. கண்ணைக் கவரும் காட்சி அது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், எழுத்தின் சாரத்தை அளவுகளாகப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு மறுப்பு அவ்வாண்டிலேயே எழுந்தது. டக்ளஸ் ஹொப்ஸ்டாட்டர் என்னும் அறிஞர், ‘ஏ’ என்னும் ஓர் ஆங்கில எழுத்தையே எடுத்துக்கொண்டு, அது கொள்ளக்கூடிய வடிவங்கள் அனைத்தையும் எந்தவொரு தனிச் செய்நிரலின் அளவுகளும் அடக்கிவிட முடியாது என வாதிட்டார். புதிய கலைஞன் ஒருவன் வரும்போது விதிகளுக்குள் அடங்காத, ஆயினும் பார்த்தவுடன் ‘ஏ’ என அறியத்தக்க வடிவம் ஒன்று தோன்றிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். கனூத்தின் அனுபவமும் இதற்கு ஓரளவு சான்று பகர்கின்றது. ‘எஸ்’ என்னும் எழுத்தின் வளைவை விதியாக்க இயலாது அவர் நாள்கணக்கில் இடர்ப்பட்டார். அதனை ‘எஸ்’ வடிவமாகவே வரைந்துவிட்டால் என்ன என அவரது மனைவியார் வினவியதாகக் கூறப்படும் செய்தி நகைப்புக்குரியது மாத்திரமன்று. கண் ஒரு நொடியிற் காண்பதை விதி எவ்வளவு பாடுபட்டு அணுகவேண்டியுள்ளது என்பதையும் அது உணர்த்துகின்றது. 1981இல் தம் முறையிலேயே அச்சான இரண்டாம் தொகுதி கைக்கு வந்தபோது மகிழ்ச்சிக்குப் பதிலாக ஏமாற்றமே மிஞ்சியதென அவரே பின்னர் கூறியுள்ளார். அதன்பின் ஹேர்மன் ஸாப், மத்தியூ காட்டர், சாள்ஸ் பிகலோ முதலிய எழுத்துக் கலைஞரின் துணையுடன் தம் எழுத்துருக்களை அவர் மீண்டும் திருத்தியமைத்தார். விதி வகுத்த கணிதர், கண் பழகிய கலைஞரிடம் பாடம் கேட்க வேண்டியதாயிற்று. இதனை அவர் மறைக்காமை அவரது பெருமைக்குரியது.

இம்முயற்சியின் விலை யாது என்பதும் நேர்மையாக நோக்கப்பட வேண்டும். பெருநூலின் மூன்றாம் தொகுதி 1973இல் வெளிவந்தது. நான்காம் தொகுதியின் முதற் பகுதி முழுநூலாக வெளிவந்ததோ 2011இல். இடைப்பட்ட 38 ஆண்டுகளையும் அச்சுக்கோப்பின் கணக்கில் எழுதுதல் முறையாகாது. நான்காம் தொகுதி எடுத்துக்கொண்ட துறையே அக்காலத்திற் பன்மடங்கு விரிந்துவிட்டது. ஆயினும் ஓர் ஆசிரியரின் உழைப்பு மிக்க பத்து ஆண்டுகள் உள்ளடக்கத்திலிருந்து உருவத்துக்குச் சென்றன என்பதை மறுக்கவியலாது. இரண்டாம் பகுதி 2022இலேயே வெளிவந்தது. திட்டமிட்ட ஏழு தொகுதிகளும் முற்றுப்பெறுமா என்னும் ஐயம் வாசகரிடையே எழுதல் இயல்பே.

பிறிதொரு முரணும் உண்டு. ஆசிரியன் தன் பக்கத்தைத் தன் விருப்பின்படி அமைக்கும் சுதந்திரத்துக்காகவே ‘டெக்’ தோன்றியது. லெஸ்லி லாம்போட் அதன்மீது கட்டிய ‘லாடெக்’ என்னும் தொகுதியோ, ஆசிரியன் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படாது ‘இது தலைப்பு, இது தேற்றம், இது பட்டியல்’ எனப் பொருளை மாத்திரம் குறித்தால் போதும், தோற்றத்தைத் தொகுதியே பார்த்துக்கொள்ளும் என்னும் கொள்கையுடையது. 1986இல் லாம்போட்டின் நூல் வெளிவந்தபின் கணிதரும் விஞ்ஞானிகளும் பெரும்பாலும் அவ்வழியையே பின்பற்றினர். விளைவாக, ‘கொம்பியூட்டர் மொடேர்ன்’ எழுத்தில், ஒரே அமைப்பில், ஒரே முகத்தோடு ஆய்வுக்கட்டுரைகள் குவியலாயின. தன் பக்கத்தின் தனித்தன்மைக்காக ஒருவர் பத்து ஆண்டுகள் உழைத்தமை, பல்லாயிரம் பேர் அவரது பக்கத்தையே உடுத்திக்கொள்வதில் முடிந்தது. இது ‘டெக்’கின் குற்றமென ஒருவர் கூறலாம். ஆனால் மறுபுறத்தையும் நோக்க வேண்டும். அச்சகத்தின் தயவு இல்லாத ஓர் இளம் ஆய்வாளரும், செல்வம் குறைந்த ஒரு பல்கலைக்கழகமும், கட்டணம் எதுவுமின்றி, செம்மையான கணித நூலொன்றை அச்சுக்கு அணியமாக்க முடிந்தது இக்கொடையினாலேயே. கனூத் தம் செய்நிரலை விலைக்கு விற்கவில்லை, உலகுக்கு விட்டுக்கொடுத்தார்.

இவ்வாறு விட்டுக்கொடுத்த முறையே இம்முயற்சியை வெறும் பொழுதுபோக்கிலிருந்து பிரித்துக் காட்டுகின்றது. பொழுதுபோக்காகக் கருவியைத் திருத்துவோன் செய்தது அவனுக்கு மட்டுமே விளங்கும்; சில வேளை அடுத்த ஆண்டில் அவனுக்கே விளங்காது. கனூத்தோ செய்நிரலும் மனிதர் வாசிக்கும் உரைநடை போன்று எழுதப்பட வேண்டும் என்றார். 1984இல் இக்கொள்கையை விளக்கிக் கட்டுரை எழுதியதோடு அமையாது, ‘டெக்’ செய்நிரல் முழுவதையும் விளக்கங்களுடன் ஏறத்தாழ அறுநூறு பக்க நூலாகவே வெளியிட்டார். பயன்படுத்துவோருக்கான ‘டெக்’ நூல் தனியே உள்ளது. அதில் முதல் வாசிப்பில் தாண்டிச் செல்லத்தக்க பந்திகள் வீதியோர அபாய வளைவுக் குறியினால் அடையாளமிடப்பட்டுள்ளன. பயிற்சிகளுக்கு விடைகளும் தரப்பட்டுள்ளன. நகைச்சுவை சில இடங்களில் மிகுந்து தெளிவைக் குலைப்பதும், தொடக்கநிலை வாசகர் குறிப்பிட்ட ஒரு செய்தியைத் தேடி அலைய நேர்வதும் அந்நூலின் குறைகள். எனினும், பொறியின் கையேடு ஒன்றினை முழுமையான உரைநடை நூலாக வாசிக்கலாம் என்பதை அது நிறுவியது.

இவை அனைத்திலும் மேலாக மதிக்கத்தக்கது பிழைகள்பாற் கனூத் கொண்ட மனப்பாங்காகும். ‘டெக்’கை ஆக்கும்போது தாம் செய்த ஒவ்வொரு தவறையும் அவர் நாட்குறிப்பேடு போற் பதிந்து வந்தார். எண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தவறுகளைப் பதினைந்து வகைகளாகப் பிரித்து 1989இல் கட்டுரையாக வெளியிட்டார். புதிய பிழையொன்றை முதலிற் கண்டுபிடிப்போருக்குப் பணப்பரிசு அறிவித்தார். ‘டெக்’குக்கான பரிசு ஆண்டுதோறும் இருமடங்காகி 327 டொலர் 68 சதம் வரை உயர்ந்தது. காசோலை பெற்றோர் பலர் அதனை வங்கியிற் கொடுத்து மாற்றாது சட்டமிட்டு வைத்துக்கொண்டனர். தம் ஆக்கத்தின் குறைகளை எண்ணிப் பட்டியலிட்டு உலகின் முன் வைக்கும் ஆசிரியர் எத்துறையிலும் அரியர். இலக்கிய உலகம் இதிலிருந்து கற்கவேண்டியது உண்டு.

அவ்வாறே, நிறுத்த அறிந்தமையும். திருத்துவோனின் பெருநோய் முடிவின்மை. இன்னும் ஒரு மாற்றம், இன்னும் ஒரு வசதி என அது வளர்ந்துகொண்டே செல்லும். 1990இல் கனூத் ‘டெக்’கும் ‘மெட்டாபொண்ட்’டும் முடிவடைந்துவிட்டன என அறிவித்தார். பாரிய பிழைகளைத் திருத்துவதன்றிப் புதிய வசதி எதுவும் இனிச் சேர்க்கப்படாது. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ‘டெக்’கின் பதிப்பெண் பை என்னும் கணித எண்ணை ஓர் இலக்கம் நெருங்கும், 2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் அது 3.141592653 என நின்றது. தம் மறைவுக்குப் பின் அப்பதிப்பெண் பை என்றே மாறவேண்டும் என்பதும், அப்போது எஞ்சியிருக்கும் பிழைகள் யாவும் இயல்புகளாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதும் அவரது விருப்பம். வேறெவரும் அதனை மாற்றலாம். ஆனால் மாற்றியதற்கு வேறு பெயர் இடவேண்டும். ஒரு நூலின் மூலபாடத்தைக் காப்பதற்கும் உரைகாரருக்கு இடமளிப்பதற்கும் இதனினும் நேரிய ஏற்பாட்டைக் காண்டல் அரிது.

தமிழ் வாசகருக்கு இவ்வரலாறு அயலாரின் கதையாக மட்டும் அமையவில்லை. கனூத் தம் செய்நிரலின் முதல் வடிவை ஆக்கிக்கொண்டிருந்த 1978ஆம் ஆண்டிலேயே, தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. ணா, றா, னா முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்களும், லை, ளை, னை முதலியவற்றின் மேற்சுழி வடிவங்களும் கைவிடப்பட்டன. கற்போருக்கு எளிமை என்பதோடு, அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதி என்பதும் அச்சீர்திருத்தத்துக்குரிய நியாயங்களில் ஒன்றாக இருந்தது. அதன் நன்மை தீமைகள் தனியே ஆராயப்பட வேண்டியவை. இங்குக் கருதத்தக்கது ஒன்றே: ஓரிடத்திற் கருவிக்கு ஏற்ப எழுத்து வளைந்தது; மற்றோரிடத்தில் எழுத்துக்கு ஏற்பக் கருவி வளைக்கப்பட்டது. கருவியை ஆக்கும் ஆற்றல் உடையோரிடம் தெரிவு இருந்தது. அல்லாதோரிடம் அது குறைவாகவே இருந்தது.

‘டெக்’கும் தொடக்கத்தில் ஆங்கிலத்தை மனத்திற் கொண்டே அமைந்தது. ஐரோப்பியப் பயனாளர் தம் மொழிகளுக்குப் போதிய எழுத்திடம் இல்லை என வற்புறுத்திய பின்னரே, 1989இல் அதன் உள்ளமைப்பு விரிவாக்கப்பட்டது. தமிழுக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ‘மெட்டாபொண்ட்’ மூலம் எழுத்துருக்கள் ஆக்கப்பட்டன. 2004இல் ஜோனதன் கியூ வெளியிட்ட ‘சீடெக்’ என்னும் வழித்தோன்றல் யூனிகோட் முறையை ஏற்றதனால் தமிழ் நூல்களையும் இன்று இவ்வழியில் நேரடியாகக் கோக்க முடிகின்றது. மூலத்தைத் திறந்து வைத்ததனாலேயே பிறர் தம் மொழிக்கேற்ப அதைத் திருத்த முடிந்தது. மூடிய பொறியாக அது இருந்திருப்பின், உரிமையாளரின் விருப்பத்துக்குக் காத்திருத்தலன்றி வேறு வழி இருந்திராது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். கருவியைத் திருத்துதல் தன்னளவில் ஆக்கமுமன்று, வீண்பொழுதுமன்று. ஒரு நூலின் தேவையிலிருந்து அது பிறந்ததா, செய்த முறை பிறருக்கு விளங்குமாறு எழுதிவைக்கப்பட்டதா, பிழைகள் ஒப்புக்கொள்ளப்பட்டனவா, உரிய இடத்தில் நிறுத்தப்பட்டதா என்னும் நான்கு வினாக்களுக்கும் தரப்படும் விடைகளைக் கொண்டே அது மதிக்கப்பட வேண்டும். கனூத்தின் முயற்சி இந்நான்கிலும் தேறுகின்றது. எழுத்தின் உயிரை அளவுகளில் அடக்கலாம் என்ற அவரது நம்பிக்கை முழுமையாக வெற்றி பெறவில்லை. அவரது பெருநூலும் காத்திருக்க நேர்ந்தது. எனினும், அழகிய பக்கத்தைக் காட்டிலும் பெரிதான ஒன்றை அவர் விட்டுச் செல்கின்றார். தன் எழுத்து தாளின்மீது எவ்வாறு நிற்கவேண்டும் என்பதில் ஆசிரியனுக்கும் பொறுப்புண்டு என்பதே அது. அப்பொறுப்பை ஏற்பவர், எழுத வேண்டியதை எழுதும் பொறுப்பையும் மறத்தலாகாது. பெருநூலின் பணிக்குக் கனூத் மீண்டு சென்றமை அதனை நினைவூட்டுகின்றது.